வால் தொடாத எழுத்துகள்

என் வீட்டுக்காரருக்கு எழுத்து வரைவதுதான் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, சென்ட் பாட்டில், கடைப் பலகை என்று பார்த்தவுடன் கண்ணை இழுக்கிற அலங்கார எழுத்துகள். ஆறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு எழுத்துரு செய்தார். அதில் ஒவ்வொரு எழுத்தின் வாலும் வளைந்து போய் அடுத்த எழுத்தைத் தொடும். முடிந்தது என்கிற சொல் மட்டும் அவர் வாயில் வராது. "அந்த வால் இன்னும் கொஞ்சம் மெலியணும்" என்பார். சாப்பாடு ஆறிப்போகும்.

கூடவே வேலை பார்த்த எங்கள் மகள் பொறுமையிழந்து, அவரைக் கேட்காமலே அதை ஒரு சோப்புக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டாள். வந்ததே கோபம்! "இனிமே என் மேசைப் பக்கம் வராதே" என்று நாலு பேர் முன்னால் கத்தினார். அவளுக்கும் அதே ரோஷம். அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் தூது போய்ப் போய் என் கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

இப்போது அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அவளே பார்த்துக்கொண்ட பல் டாக்டர், தங்கமான பையன். அன்றைக்கு அவள் பக்கத்தில் இந்த மனிதர் நிற்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். கேட்டால் "பார்க்கலாம்" என்பார். அவர் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலை அவர் பெயருக்குத் தபாலில் பத்திரிகை வந்தது. உறையைப் பிரித்தவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். பெண்ணின் பெயரைப் பார்த்து மனசு இளகிவிட்டதாக்கும் என்று நான் ஏமாந்தேன்.

"எவன் இதை அச்சடிச்சான்? என் எழுத்துருவைப் போட்டுட்டு, வரி நிரம்பணும்னு எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டிருக்கான். ஒரு வால்கூட அடுத்ததைத் தொடலை. எல்லாம் வெட்டிப்போட்ட மாதிரி கிடக்கு!"

"அது உங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகைங்க."

"அதனாலதான் சொல்றேன்! இதையா ஊரெல்லாம் குடுக்கப்போறா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் என் ஃபோனை எடுத்து அவளைக் கூப்பிட்டுவிட்டார். எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"இந்த எழுத்துக்கு இடைவெளி விடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ப்பா. நான்தான் விட்டேன்."

"என்னது?"

"உங்க பத்திரிகையில மட்டும். ஒண்ணே ஒண்ணு தனியா அடிச்சேன். மத்த நானூறும் நல்லாத்தான் இருக்கு. ஒழுங்கா அனுப்பியிருந்தா நீங்க கூப்பிட்டிருப்பீங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கல்யாணம் எத்தனை மணிக்கு?" என்றார் கடைசியில்.

"பத்திரிகையில போட்டிருக்கேப்பா."

"நீயே சொல்லும்மா. எனக்கு இப்ப எழுத்து தெரியலை."