முடிவெடுக்காத மூலை

அந்தக் குளிர்காலத்தில் டோவர் மில்ஸ் ஊரில் யாருக்கு யோகம் அடித்ததோ இல்லையோ, வெர்லின் ஹோல்ட்டுக்கு அடித்தது. தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சோபாவில் குழி விழுகிற அளவுக்கு உட்கார்ந்தே கிடந்த மனிதர், திடீரென்று ஊரே தேடுகிற ஆளாகிவிட்டார். காரணம் ஒன்றுதான். யாரை ஜனாதிபதி வேட்பாளராக்குவது என்று அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை.

எங்கள் அயோவா மாநிலத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் மிதப்பு அதிகம். கட்சி வேட்பாளர் யார் என்று நாட்டுக்கே முதலில் நாங்கள்தான் சொல்ல வேண்டும் என்று எவனோ ஏற்பாடு செய்துவைத்துவிட்டான். அதனால் வேட்பாளரை மூன்று முறையாவது நேரில் பார்த்துக் கை குலுக்காமல் இங்கே ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "ரெண்டு தடவைதானே பாத்திருக்கேன், அதுக்குள்ள என்னத்தைச் சொல்றது?" என்று ஒரு செனட்டரின் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். செனட்டரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

அந்த வருஷம் கட்சியில் கவர்னர் பிரெஸ்காட் உட்பட பத்துப் பேருக்கு மேல் களத்தில் இருந்தார்கள். வெர்லின் வீட்டுச் சமையலறையில் மட்டும் இரண்டே பேர். மெயின் மாநிலத்து செனட்டர் ஈடித் விட்லாக் ஒருவர். நியூ மெக்சிகோ செனட்டர் தொபியாஸ் லுசேரோ இன்னொருவர். இருவரும் முற்போக்கு அணி. வைத்தியச் செலவை எல்லோருக்கும் அரசாங்கமே ஏற்க வேண்டும், பெரும் பணக்காரர்களிடம் வரியைக் கறக்க வேண்டும் என்று இருவரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். செனட்டில் ஒரே பக்கம்தான் கை தூக்கினார்கள். கடுகளவு வித்தியாசம் கிடையாது. அதனாலேயே சண்டை அவ்வளவு ருசியாக இருந்தது.

வெர்லினின் மனைவி ஆர்டிஸ், விட்லாக் கட்சி. எங்கள் வட்டாரத்தில் விட்லாக் அணிக்கு அவள்தான் தலைவி. வெர்லினின் அக்கா ட்வைலா, நாலு வீடு தள்ளி இருப்பவள், லுசேரோ அணிக்குத் தலைவி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்ததும் ட்வைலா நேராக இங்கே வந்துவிடுவாள். குளிர் அங்கியைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

"டேய் வெர்லின், உன் பொண்டாட்டியோட ஆளு பேசினா எனக்குக் கொட்டாவி வருதுடா. எங்க ஆளு பேசினா உடம்பு சிலிர்க்குது."

"சிலிர்த்துக்கிட்டே இருந்தா ஜுரம்னு அர்த்தம், டாக்டரைப் பாரு," என்பாள் ஆர்டிஸ், காபியை ஊற்றிக்கொண்டே. "அந்த ஆஸ்பத்திரி மசோதாவுல முக்கால்வாசி எழுதினது விட்லாக். உங்காளு மைக்கைப் பிடிச்சாரு, அவ்ளோதான்."

"மைக்கைப் பிடிக்கத் தெரியாதவ ஜனாதிபதியாகி என்ன பண்ணப் போறா? ரூமைப் பூட்டிக்கிட்டு உக்காந்து எழுதுவாளா?"

"எழுதுவா. பணம் எங்கேர்ந்து வரும்னு கணக்கோட எழுதுவா. உங்காளைக் கேட்டா, 'மக்கள் எழுந்து வருவாங்க'ங்கறாரு. மக்கள் எழுந்து வந்து என்ன, சில்லறை தருவாங்களா?"

"சரி, அதெல்லாம் விடு. ஒரு பொம்பளையை இந்த நாடு தேர்ந்தெடுக்குமா? அதைச் சொல்லு முதல்ல."

"நீயே ஒரு பொம்பளை. நீயே தேர்ந்தெடுக்க மாட்டேங்கறே. அப்புறம் நாட்டை ஏன் குத்தம் சொல்றே?"

இந்த இடத்தில் இருவரும் ஒரே சமயத்தில் வெர்லின் பக்கம் திரும்புவார்கள். வெர்லின் நிதானமாக மோவாயைத் தடவுவார். "ரெண்டு பேரு சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு. இன்னும் யோசிக்கணும்," என்பார். சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுவார். தட்டில் இன்னொரு துண்டு கேக் விழும்.

யோசிக்க ஒன்றுமே இல்லை. அக்டோபரிலேயே அவர் முடிவெடுத்தாகிவிட்டது. தீயணைப்பு நிலையத்தில் நடந்த கூட்டத்தில், கிணற்றுத் தண்ணீரில் உரம் கலப்பதைப் பற்றி அவர் விட்லாக்கிடம் ஒரு கேள்வி கேட்டார். "எனக்குத் தெரியலையே. படிச்சுட்டுச் சொல்றேன்," என்றார் அந்த அம்மாள். அரசியல்வாதி வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை வெர்லின் ஆயுளில் கேட்டதில்லை. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது கூட்டத்தில் வெர்லினைத் தேடிப் பிடித்துப் பதிலும் சொன்னார். லுசேரோவிடம் அதே கேள்வியைக் கேட்டதற்கு அருமையான பிரசங்கம் ஒன்று கிடைத்தது; தண்ணீர் மட்டும் அதில் வரவில்லை. ஆனால் தீயணைப்பு நிலையத்தில் அந்த முதல் பதிலைக் கேட்ட அன்றே வெர்லின் மனசுக்குள் விட்லாக் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

அதை ஆர்டிஸிடம் சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். பிள்ளைகள் டெஸ் மாய்னுக்கும் சிகாகோவுக்கும் போன பிறகு அந்த வீட்டில் பேச்சே அற்றுப்போயிருந்தது. பனி தள்ளியாச்சா, மாத்திரை போட்டாச்சா, கேஸ்காரன் வந்தானா, இவ்வளவுதான் ஒரு நாள் பேச்சு. மிச்ச நேரத்துக்கு டி.வி. ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம்கூடக் கிடையாது. கோபம் இருந்திருந்தாலாவது நாலு வார்த்தை வந்திருக்கும். இந்தத் தேர்தல் வந்ததும் ஆர்டிஸ் டி.வி.யை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். கன்னம் சிவந்தது, மூக்குக்கண்ணாடி நழுவியது. பல் டாக்டர் ஆபீசில் போன் எடுக்கிற வேலையை முடித்துவிட்டுக் களைத்து வருகிறவள், அவரைக் கண்டதும் தெம்பாகிவிடுவாள். அவரை மாதிரி பிடிகொடுக்காத ஆள் ஊரில் வேறு யாரும் இல்லையே. 'உன் பக்கம்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; அவள் சந்தோஷமாக எழுந்து அடுத்த வீட்டுக்காரனை மடக்கப் போய்விடுவாள். டி.வி. திரும்ப வந்துவிடும். அந்தப் பயத்தில்தான் வெர்லின் வாயைத் திறக்கவில்லை.

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. பிப்ரவரியில் ஓட்டுக்கூட்டம். எங்கள் பக்கத்தில் அதற்குச் சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடி, அவரவர் ஆளுக்கு ஒதுக்கிய மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர்கூடச் சேராத மூலை செல்லாது. அதில் இருப்பவர்கள் இரண்டாவது சுற்றில் வேறு மூலைக்கு நகரலாம். முடிவெடுக்காதவர்களுக்கும் ஒரு மூலை உண்டு. முதல் சுற்றில் அங்கே தனியாக நிற்பது, இரண்டாவது சுற்றில் ஊரே பார்க்கக் கூடத்தைக் குறுக்கே கடந்து ஆர்டிஸிடம் போய்ச் சேர்வது. இதுதான் திட்டம். அதை நினைத்து நினைத்து அவர் ஜனவரி முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

ஓட்டுக்கூட்டத்தன்று சாயங்காலம் கிளம்பும்போது ஆர்டிஸ் ஒரு பெரிய தட்டை அவர் கையில் கொடுத்தாள். கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் போட்டுச் செய்த பர்பி. மனம் ஊசலாடுகிறவர்களைத் தன் மூலைக்கு இழுக்க அவள் செய்த தூண்டில் அது. "இதை உள்ளே கொண்டு போ. நான் விட்லாக் பேர் போட்ட அட்டைகளை எடுத்துட்டு வர்றேன்," என்றாள். அவர் கொண்டுபோனார். கூடத்தில் நுழைந்ததும் தன் மூலைக்குப் போய், பால் வைக்கிற குளிர்பெட்டியின் மேல் தட்டை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆர்டிஸ் உள்ளே வந்ததும் அட்டை ஒட்டுகிற அவசரத்தில் தட்டை மறந்துவிட்டாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பசி. பர்பியைக் கண்டதும் முதலில் இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் ஒரு பண்ணைக்காரத் தம்பதி. "இங்க என்ன மூலை?" என்று கேட்டாள் அந்த அம்மாள், வாயில் பர்பியோடு.

"இன்னும் முடிவெடுக்காதவங்க மூலை," என்றார் வெர்லின்.

"அப்ப நாங்களும் அதுதான். கவர்னர் பிரெஸ்காட்டையும் பாத்தோம், இவங்க ரெண்டு பேரையும் பாத்தோம். ஆளுக்கு ரெண்டு தடவைதான் பாத்திருக்கோம்."

பக்கத்திலேயே நாற்காலிகளும் இருந்தன. வெர்லினோ யாரையும் எதற்கும் வற்புறுத்தாத மனிதர். நாலு மாதமாக எல்லோரும் கையைப் பிடித்து இழுத்து அலுத்துப்போயிருந்த சனத்துக்கு அது சொர்க்கமாக இருந்தது. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

எண்ணி முடித்ததும் கூட்டத் தலைவர் ரோலண்ட் நாற்காலி மேல் ஏறினார். பள்ளியில் பேண்டு வாத்தியம் கற்றுக்கொடுத்தவர். குரல் கணீரென்று இருக்கும். "மொத்தம் எண்பது பேரு. ஒரு மூலை செல்லணும்னா பன்னெண்டு பேரு வேணும். கவர்னர் பிரெஸ்காட், முப்பது. செனட்டர் லுசேரோ, இருபத்தேழு. செனட்டர் விட்லாக், பதினொண்ணு. முடிவெடுக்காதவங்க..." அவரே ஒரு முறை தாளை உற்றுப் பார்த்தார். "பன்னெண்டு."

ஆர்டிஸின் முகம் வெளுத்துவிட்டது. ஒரே ஒரு ஆள் குறைச்சல். அவள் கூடத்தின் குறுக்கே வெர்லினைப் பார்த்தாள். அவர் அந்தப் பார்வைக்காகத்தான் ஜனவரி முழுக்கக் காத்திருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ராஜநடை போட்டுக் கிளம்பினார்.

"வெர்லின், எங்கே கிளம்பிட்டே?" என்றார் ரோலண்ட்.

"விட்லாக் மூலைக்கு."

"முடியாதுப்பா. உன் மூலை செல்லுபடியாயிடுச்சு. செல்லுற மூலையில இருக்கறவங்க நகரக் கூடாது. இந்த வருஷம் புது விதி. போன தடவை மாதிரி இல்லை."

வெர்லின் கூடத்தின் நடுவில் அப்படியே நின்றார். பின்னால் யாரோ பர்பி அருமை என்று சொன்னார்கள். எதிரே ஆர்டிஸ் தன் தட்டு எங்கே இருக்கிறது என்பதை அப்போதுதான் பார்த்தாள்.

அப்புறம் நடந்ததைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் பனியில் நடந்தவள், தன் மூலையிலிருந்த பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு லுசேரோ மூலைக்குப் போனாள். போகாவிட்டால் கவர்னர் முந்திவிடுவார். எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு மானியம் வேண்டாம் என்று மேடையிலேயே சொன்ன மனிதர். ட்வைலா அன்றைக்குக் கேலி பேசவில்லை. தம்பி மனைவியைக் கட்டிப்பிடித்து, "வாடி, வா," என்று மட்டும் சொன்னாள். அது வெர்லினுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

முடிவெடுக்காத மூலைக்கும் மாவட்ட மாநாட்டில் ஒரு பிரதிநிதி உண்டு. மாநாடு மார்ச்சில், ஒரு சனிக்கிழமை முழுக்க; அங்கே பிரதிநிதிகள் மறுபடி தங்கள் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த மூலையிலிருந்த மற்ற பதினொரு பேரும் ஒரே குரலில் வெர்லினின் பெயரைச் சொல்லிவிட்டு அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

திரும்பும் வழியில் வெர்லின்தான் வண்டியை ஓட்டினார். துடைப்பான் கண்ணாடியில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது. பாதி தூரத்தில் ஆர்டிஸ் வெடித்தாள்.

"அந்த விதியை உனக்கு மூணு ராத்திரி உக்காந்து சொன்னேன். மூணு ராத்திரி! நீ தலையை ஆட்டினே!"

"கேட்டுட்டுதான் இருந்தேன்."

"என்னத்தைக் கேட்டே? ஏன் பர்பியைத் தூக்கிட்டு அங்க போனே? அந்தப் பன்னெண்டாவது ஆளு நீதான் வெர்லின். உன் பொண்டாட்டி மூலையைக் கவுத்தது நீதான்."

"ஆர்டிஸ், நான் அக்டோபர்லயே விட்லாக்னு முடிவு பண்ணிட்டேன்."

அவள் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். "என்னது?"

"தீயணைப்பு நிலையத்துல. அன்னிக்கே."

"நாலு மாசமா நான் தொண்டை கிழியக் கத்தினேனே! ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ பேச்சை நிறுத்திடுவே," என்றார் வெர்லின், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பேசணும்போல இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது வேறு கோபம்.

"முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அதை எப்படிச் சொல்றது?"

வீடு வந்தது. வெர்லின் வண்டியை நிறுத்தி, வாசலில் கொஞ்சம் பனியைத் தள்ளினார். உள்ளே போகப் பயந்துகொண்டுதான் தள்ளினார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டி.வி. சத்தம் எந்த நிமிஷமும் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. கடைசியில் கை விறைத்துப்போய் உள்ளே போனார்.

ஆர்டிஸ் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அங்கியைக்கூடக் கழற்றவில்லை. எதிரே ஒரு கோப்பை காபி ஆவி பறந்துகொண்டிருந்தது.

"உக்காரு."

உட்கார்ந்தார்.

"மார்ச் மாநாடு வரைக்கும் நீ முடிவெடுக்காதவங்களோட பிரதிநிதி. உன்னை மடக்க ட்வைலாவும் வருவா, கவர்னர் ஆளுங்களும் வருவாங்க. நான் மட்டும் சும்மா இருக்க முடியாது."

"நான்தான் முடிவு பண்ணிட்டேன்னு சொன்னேனே..."

"எனக்குக் காதுல விழலை," என்றாள் ஆர்டிஸ். அவள் கண் கலங்கியிருந்தது. அதை அவள் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். "விட்லாக்கோட தபால் ஆபீஸ் திட்டத்தைப் பத்தி உனக்கு நான் இன்னும் சொல்லவே இல்லை. பெரிசு. மூணு நாளாவது ஆகும்."

வெர்லின் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதுல லுசேரோ என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.