நடுக்களத்துக்கு ஓர் ஆள்

நடுக்களத்தில் ஆடிவந்த குரு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனதிலிருந்து எழிலனுக்கு நிம்மதி போயிற்று. விடிவெள்ளி கால்பந்துக் குழுவில் முன்னால் கோல் அடிக்க ஆள் இருந்தது, பின்னால் தடுக்க ஆள் இருந்தது. நடுவில் பந்தை வாங்கி, யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிற தலைதான் இல்லை. அடுத்த மாதம் மாவட்ட லீக். இந்த முறையும் முதல் டிவிஷனுக்கு ஏறாவிட்டால் பையன்கள் ஆளுக்கொரு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள், கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான் என்று கேப்டனான அவனுக்குத் தெரியும்.

தேடி அலைந்தான். வல்லத்தில் அகப்பட்டவன், "மல்லாட்ட புடுங்கி முடியட்டும்ணா" என்றான். நிலக்கடலை பிடுங்கி முடித்தபின் போனையே எடுக்கவில்லை. திண்டிவனத்துக் கல்லூரிப் பையன் நன்றாக ஆடிவிட்டு, வேறொரு கிளப்பின் பனியனோடு ஸ்டேட்டஸ் போட்டான். சிபாரிசோடு வந்த இன்னொரு மகராசன் பந்தைத் தாத்தா சொத்து மாதிரி கட்டிக்கொண்டு ஓடினான், பக்கத்தில் நின்ற யார் கண்ணிலும் காட்டவில்லை.

எழிலன் வெறுத்துப்போயிருந்த ஒரு மாலையில், செஞ்சிக் கோட்டையடி மைதானத்திலிருந்து பந்து எகிறி ரோட்டுக்குப் போனது. பைக்கில் வந்தவன் இறங்கி, நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு உதைத்தான். பந்து நேராக எழிலன் காலடியில் வந்து நின்றது. அவன் பெயர் ஜெகதீஷ். கடைவீதி செல்போன் கடையில் புதிதாகச் சேர்ந்தவன். மறுநாளே பயிற்சிக்கு வந்தான். அவன் கொடுத்த பந்துகளில் இத்தனை காலம் கோலே அடிக்காதவனெல்லாம் கோல் அடித்தான். எழிலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் விடிவெள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. அது காலனி கிளப். கிளப் தொடங்கிய புதிதில், தோளில் கைபோட்டு ஆடிவிட்டுச் சாப்பாடு என்றதும் நழுவியவர்கள் நிறையப் பேர். அதனால் புது ஆள் யாராக இருந்தாலும் கோல்கீப்பர் தனகோட்டி வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கப்புறம்தான் பனியன்.

பயிற்சி முடிய விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். முதல் நாள் கூப்பிட்டதற்கு, "பசிக்கலண்ணா" என்றான் ஜெகதீஷ். மறுநாள், "வீட்ல தேடுவாங்கண்ணா." அதற்கடுத்த நாள் தனகோட்டியின் மனைவி வசந்தா தெருவுக்கே வந்து தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "வேணாங்க்கா" என்று சிரித்தபடி பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

காலனித் தண்ணீரை மறுக்கிற அந்தச் சிரிப்பை எழிலன் பள்ளிக்கூடத்திலிருந்தே பார்த்து வந்திருக்கிறான்.

"தண்ணியக்கூட வாங்கலடா" என்றான் தனகோட்டி. "இன்னா ஆட்டம் ஆடி இன்னா? அவன் நமக்கு வேணாம்."

காலையில் தங்கை மோனிகா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கடைவீதி மெடிக்கலில் வேலை. "ஆள் கெடச்சுட்டான்னு குதிச்சியே, இப்ப இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுனு இருக்குற?" என்றாள். எழிலன் சொன்னான். சீப்பு பாதியில் நின்றது.

"அண்ணா, அவன் மேல்சித்தாமூர் நைனார் பையன். எங்க எதிர்க்கடதான். அஞ்சு மணிக்கே டப்பாவத் தொறந்து சாப்ட்டுடுவான். பொழுது போனா தண்ணிகூடத் தொடமாட்டான். எல்லாரும் கிண்டல் பண்றாங்கன்னு வெளிய சொல்றதில்ல. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"இத எப்டி கேக்கறது?"

கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று மோனிகாவுக்கும் தெரியும். அவளும் அதே வீட்டில் பிறந்தவள்தானே.

நைனார் என்கிற தமிழ்ச் சமணர்கள் இருட்டினால் உண்ணமாட்டார்கள் என்பது செஞ்சியில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் எழிலனுக்கு அது நினைப்பிலேயே வரவில்லை. பழைய காயம் முந்திக்கொண்டுவிட்டது. இப்போதும் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. பொழுது போனதால் வேண்டாம் என்றானா, காலனி என்பதால் வேண்டாம் என்றானா? இரண்டுமாகவும் இருக்கலாமே. ஜெகதீஷுக்குப் போன் போட்டான்.

"ஞாயித்துக்கெழம மதியானம் தனகோட்டி வீட்ல சாப்பாடு. காய்கறிதான். வர்றியா?"

"வர்றேண்ணா."

ஞாயிற்றுக்கிழமை வசந்தா புதுப் பாத்திரத்தில் சமைத்தாள். கிழங்கு கூடாது, வெங்காயம் கூடாது என்று மோனிகா சொல்லி அனுப்பியிருந்தாள். வெங்காயம் இல்லாமல் என்ன சாம்பார் என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தாலும், வாசனை தெருவரைக்கும் போனது. இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஜெகதீஷைக் காணோம்.

"வரமாட்டான், பாத்துக்க" என்றான் தனகோட்டி.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. "கடையில விடலண்ணா" என்று மூச்சு வாங்க உள்ளே வந்தவன் எழிலன் பக்கத்தில் உட்கார்ந்தான். வசந்தா சோறு போட்டாள். அவன் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தான், உருட்டினான், வாயில் போட்டான். சொம்பை எடுத்து வாய் வைத்துக் குடித்தான். கணநேரத்தில் இலை காலி.

"அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க. செம பசி."

போட்ட சோற்றைப் பிசையும்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். ஒருவர் இலையிலும் கை வைத்திருக்கவில்லை.

"இன்னாண்ணா, யாரும் சாப்டல? எல்லாரும் என்னையே பாக்கறீங்க?"

இந்தச் சாப்பாடு எதற்கென்று ஜெகதீஷுக்கு ஒன்றுமே தெரியாது. நல்லவேளை, ஒன்றுமே தெரியாது.

"ஒண்ணுமில்லடா, நீ சாப்புடு" என்று எழிலன் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவன் இலையில் வைத்தான். ஜெகதீஷ் அதையும் நொறுக்கிச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தான்.