மூட வேண்டாம் என்றவர்

டிப்போவில் அவருக்கு 'பிரேக்' என்று பெயர். பெருங்குடலில் புண் முற்றியிருந்த காலத்தில், வழியில் கழிப்பறை தென்பட்டால் போதும், பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஓடுவார். கடைசியில் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றில் திறந்துவைத்து, மலம் சேர ஒரு பை ஒட்டினார்கள். அந்தத் திறப்பு ஸ்டோமா. அதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே படித்த நர்ஸ் ஒருத்தி அந்த ஆஸ்பத்திரியில் இருந்தாள். தோலைத் துடைத்துக் காயவைப்பதையும், திறப்பின் அளவுக்குப் பையை வெட்டி ஒட்டுவதையும் அவளிடம்தான் பழகினார்.

குடலை உள்ளேயே இணைத்துத் திறப்பை மூட நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் சோதனைக்கு மனைவியோடு வந்தார். நர்ஸ் பையைக் கழற்றிப் பார்த்தாள். தோலில் சிவப்பு இல்லை.

"சிஸ்டர், இத மூடலேன்னா என்ன ஆகும்?"

"இப்படியே இருக்கலாம். மிச்சமிருக்கற மலக்குடல மட்டும் அப்பப்ப டெஸ்ட் பண்ணிக்கணும்."

"என்ன பேசறீங்க?" என்றாள் மனைவி. "மத்தவங்க மாதிரி ஆயிடலாம்னுதானே பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தோம்?"

"இப்பத்தான் மத்தவங்க மாதிரி இருக்கேன். நேத்து முழு ட்ரிப்பும் சீட்ட விட்டு எந்திரிக்கல."

"நீங்க சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் மனைவி.

நர்ஸ் யார் பக்கமும் சாயவில்லை. இணைத்தால் பை இருக்காது, ஆனால் ஒரு நாளைக்குப் பல தடவை கழிப்பறைக்குப் போகவேண்டியிருக்கும் என்றாள். பிறகு மனைவியிடம் கேட்டாள்.

"நீங்க எதுக்கு மூடணும்னு நினைக்கறீங்க?"



"தூக்கத்துல என் கை பட்டுப் பை பிச்சுக்கிட்டு வந்துடுமோன்னு பயம். அதான் தள்ளிப் படுக்கறேன்."

"அருவருப்புன்னுல்ல நினைச்சேன்" என்றார் அவர்.

நர்ஸ் புதுப் பையை ஒட்டி, சிறிது நேரம் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். பின் மனைவியின் விரல்களை அதன்மேல் வைத்தாள்.

"இழுங்க."

மெல்ல இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

பை அசையவில்லை. அவள் கையை எடுக்காமல் நின்றாள்.

மூட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதில் சர்ஜனுக்கு எரிச்சல். "நீதான் மனச மாத்துனியா?"

"அவரு கேட்டாரு டாக்டர். ரெண்டையும் சொன்னேன்."

அவருக்குக் குறித்த நாள் வேறொரு நோயாளிக்குப் போனது.

அடுத்த முறை பை வாங்க மனைவி மட்டும் வந்தாள்.

"லீவு நாள்ல வீடு தங்க மாட்டேங்கறாரு சிஸ்டர். ஊர் ஊரா கூப்பிடறாரு. எனக்குத்தான் முட்டி வலி."