துரையின் கந்தகக் குளியல்

காதுக்குள் தண்ணீர் போய்விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், துரையின் தலையை மட்டும் இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, மீதி உடம்பை அவள் வாளிக்குள் அமிழ்த்தினாள். குளியலறை முழுக்கக் கந்தக மருந்தின் அழுகிய முட்டை நாற்றம். வாரத்துக்கு இரண்டு குளியல், இது எட்டாவது வாரம். முதல் நாள் குமட்டியது. இப்போது குமட்டுவதில்லை, வேறு எதுவும் செய்வதுமில்லை. நனைந்த பூனை பாதியாகிவிட்டிருந்தது. வெள்ளை ரோமம் மஞ்சளேறி, காதோரத்திலும் முன்னங்காலிலும் வட்ட வட்டமாகத் தோல் தெரிந்தது. அலசக் கூடாது, துடைக்கவும் கூடாது, அப்படியே காய வேண்டும். நக்கிவிடாமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் புனலை மாட்டிவிட்டாள்.

துரை தங்கையின் பூனை. தங்கை இறந்து ஐந்து மாதம் ஆகிறது. பூனைக்குப் படர்தாமரை வந்தது அதற்குப் பிறகுதான்.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். மயிரிழை பிசகினாலும் லென்ஸ் சட்டத்தில் உட்காராது. வைத்தியத்தையும் அந்தக் கண்டிப்போடுதான் செய்தாள். வாய்வழி மருந்து ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தினாள். கம்பளத்தைத் தூக்கி எறிந்தாள். திரைச்சீலை, தலையணை உறை, தங்கையின் படுக்கை விரிப்பு என்று எல்லாவற்றையும் இரண்டு முறை துவைத்தாள். தினமும் தரையை பிளீச்சிங் தண்ணீரால் துடைத்தாள்.

வாசலில் தம்பி செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"என்ன துரை, புனல மாட்டிக்கிட்டு பழைய ரேடியோ மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"உள்ள வராத."

"வரலக்கா. குழந்தைய தூக்கணும். என் பொண்டாட்டி இப்பவே என்னை வாசல்ல நிக்கவச்சு சட்டைய உருவுறா." சிரித்துவிட்டு நிறுத்தினான். "அடுத்த மாசம் நாங்க இங்க குடிவரணும். அதுக்குள்ள டெஸ்ட்ல சரின்னு வரலன்னா, துரைய அந்தப் பூனைக் காப்பகத்துல விட்டுரலாம்னு நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேன்."

"ரெண்டு வார்த்த திட்டவாச்சும் செய்யேன்க்கா."

"எதுக்குடா?"

அவன் கொஞ்ச நேரம் சாவிக்கொத்தை உருட்டிவிட்டுப் போனான்.

மதியம் டாக்டரம்மா கூப்பிட்டாள். புது பல்துலக்கும் பிரஷ்ஷால் துரையின் உடம்பு முழுக்கச் சீவி, அதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது முறை.

"மறுபடி பூஞ்சை முளைச்சிருக்குக்கா. ஆனா புண்ணு ஆறிட்டுதான் வருது, மருந்து கேக்குது. அப்போ வீட்ல எங்கயோ ஒட்டிக்கிட்டிருக்கு. துவைக்காத துணி ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல."

"நல்லா யோசிங்க. நீங்க சொன்ன தேதிக்குள்ள இன்னொரு டெஸ்ட்டுக்குத்தான் நேரமிருக்கு."

போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்த தங்கையின் கம்பளி ஸ்வெட்டர் அவள் கணக்கில் துணியே இல்லை. கடையிலிருந்து வந்ததும் தினமும் அதை எடுத்து மடியில் விரிப்பாள். துரை ஏறி முகத்தைப் புதைத்துக்கொள்ளும். கழுத்துப் பட்டையில் தங்கையின் தலை எண்ணெய் வாசனை இருக்கும். இருவரும் அரை மணி நேரம் அப்படியே இருப்பார்கள். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, பிளீச்சிங் வாளியை எடுத்துக்கொண்டு தரையைத் துடைக்கப் போவாள்.

ஸ்வெட்டரை இறக்கினாள். வெளிச்சத்தில் பிடித்தபோது நூலிழைகளுக்கிடையே சின்னச் சின்ன வெள்ளை ரோமங்கள் தெரிந்தன. கழுத்துப் பட்டையை மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தாள். அவள் கையிலிருந்த கந்தகம்தான் வந்தது. கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தாள். அப்போதும் அதேதான். இனி முகர்ந்து பார்த்துப் பயனில்லை என்று தோன்றியது. லென்ஸில் கீறல் விழுந்துவிட்டால் அடுத்ததை எடுப்பதுபோல, அதை எடுத்துக் குளியலறையிலிருந்த சலவை இயந்திரத்துக்குள் போட்டாள். இருந்ததிலேயே அதிகச் சூட்டுக்குக் குமிழைத் திருப்பினாள். குளியலறைக் கதவுக்கு வெளியே துரை ஒருமுறை கத்திவிட்டு ஓய்ந்தது.

ஒன்றரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதையாவது நினைக்கலாம் என்று பார்த்தாள், ஒன்றும் வரவில்லை.

இயந்திரம் நின்றதும் கதவைத் திறந்தாள். கையில் வந்தது தடித்து, இறுகி, மூன்று வயதுக் குழந்தைக்குத் தைத்ததுபோல இருந்தது. பொத்தான்கள் மட்டும் பழைய அளவிலேயே, பெரிது பெரிதாக. கொடியில் போடப் போனவள் நின்றாள். சூடு ஆறாத கைப்பகுதிக்குள் தன் கையை மெதுவாக நுழைத்துப் பார்த்தாள். மணிக்கட்டில் சிக்கிக்கொண்டது. மறுபக்கத்தில் விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன.