செல்வமலர் துவக்கு வாங்கிய கதை

செல்வமலருக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு துவக்கு வேண்டியிருந்தது. யாரையும் சுடுவதற்கல்ல. களிமண்ணால் செய்த சின்னத் தட்டுகளை ஓர் இயந்திரம் வானத்தில் எறியும். அவை கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் வேலை செய்த கவுன்சில் அலுவலகம், ஊழியர்களுக்குள் ஒற்றுமை வளரவேண்டுமென்று ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் எசெக்ஸில் உள்ள ஒரு சுடுகளத்துக்குக் கூட்டிப்போனது. ஒற்றுமை வளர்ந்ததா என்று தெரியாது. இருபது தட்டுகளில் செல்வமலர் பதினான்கை உடைத்தாள். அவளுடைய மேலாளர் இரண்டை உடைத்தார்.

"இதற்கு முன் சுட்டிருக்கிறீர்களா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"இல்லை. என்னைத்தான் சுட்டிருக்கிறார்கள். படவில்லை" என்றாள்.

பயிற்சியாளர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அதன்பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தக் களத்துக்குப் போகத் தொடங்கினாள். அங்கே வாடகைக்குக் கொடுத்த துப்பாக்கிகள் எல்லாம் ஆறடி ஆண்களுக்காகச் செய்தவை. செல்வமலர் ஐந்தடிக்கும் ஓர் அங்குலம் குறைவு. ஒவ்வொரு முறை சுடும்போதும், தோளில் ஊன்றும் மரக்கட்டை கன்னத்தில் இடித்தது. திங்கட்கிழமைகளில் வலது கன்னம் நீலமாகக் கன்றிப்போயிருக்கும். கோவிலில் அதைக் கண்ட இரண்டு பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவளுடைய கணவன் குகதாசனைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. மூன்றாவது வாரம் அவர்களில் ஒருத்தி, பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்பின் தொலைபேசி எண்ணைச் செல்வமலரின் கைக்குள் மெதுவாக வைத்து அழுத்தினாள்.

குகதாசன் இருபது ஆண்டுகளாக லண்டனில் பஸ் ஓட்டுகிறவன். தன் வாழ்நாளில் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. துவக்கு என்ற சொல்லே அவனுக்குப் பிடிக்காது. தொலைக்காட்சியில் சுடுகிற காட்சி வந்தால் தேநீர் போட எழும்பிப் போய்விடுவான். ஆனால் அன்று கோவிலிலிருந்து குட்மேய்ஸில் இருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவனேதான் கதையைத் தொடங்கினான்.

"மலர், உம்மட அளவுக்கு ஒண்டை வாங்கித் துலையும். சனம் என்னை ஒரு மாதிரிப் பாக்குது."

"உண்மையாச் சொல்லுறியளே?"

"உண்மையாத்தான். ஆனா என்ர கண்ணில காட்டக்கூடாது."

இப்படித்தான், தன் நல்ல பெயரைக் காப்பாற்றுவதற்காக, குகதாசன் வீட்டுக்குள் ஒரு துவக்கு வருவதற்குச் சம்மதித்தான்.

படிவங்கள் நிரப்பி, டொக்டரிடம் கடிதம் எடுத்து, அவளை நன்றாகத் தெரிந்த ஒருவரின் உறுதிமொழியும் இணைத்து அனுப்பியபின், பொலிஸின் உரிமப் பிரிவிலிருந்து ட்ரெவர் என்ற அலுவலர் வீட்டைப் பார்க்க வந்தார். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். செல்வமலர் கொடுத்த வடையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மாடிப்படியின் கீழே, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், சுவரோடு திருகி இறுக்கியிருந்த இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. திருப்தியாகத் தலையாட்டினார்.

"சாவி எங்கே இருக்கிறது என்று உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது. கணவருக்கும்தான்."

குகதாசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த வீட்டு ஜன்னல் சாவிகளுக்குக்கூட எண் ஒட்டி வைத்திருந்தவன் அவன்.

பிறகு ட்ரெவர் அவனோடு தனியாகப் பேசவேண்டும் என்றார். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "உங்கள் மனைவியிடம் ஒரு துப்பாக்கி இருப்பதில் உங்களுக்கு ஏதாவது பயம் உண்டா? தயங்காமல் சொல்லலாம்."

குகதாசன் சாத்திய கதவைப் பார்த்தான். போர் நடந்த தொண்ணூற்றாறில் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டுபோன பொலிஸ், துவக்கு எங்கே என்று மூன்று நாள் கேட்டது. அவனிடம் துவக்கு இருக்கவில்லை. இல்லை என்று சொன்ன ஒவ்வொரு முறைக்கும் அடி விழுந்தது. இப்போது வீட்டுக்குள் உண்மையாகவே ஒரு துவக்கு வரப்போகிறது. பொலிஸ்காரர் வெறும் காலோடு நின்று, உனக்குப் பயமா என்று கேட்கிறார்.

"பயமில்லை" என்றான் குகதாசன். "துப்பாக்கி இல்லாமலே இருபத்தாறு வருடம் இந்த வீட்டை அவள்தான் ஆள்கிறாள்."

ட்ரெவர் சிரித்தார். ஆனால் அதைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

துப்பாக்கிச் சான்றிதழ் செல்வமலரின் பெயரில், அவள் படத்தோடு வந்தது. அடுத்த சனிக்கிழமை இருவரும் மத்திய லண்டனில் உள்ள ஒரு பழைய துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். குகதாசன் கூட வந்தது, அந்தப் பகுதியில் கார் நிறுத்துவது கஷ்டம் என்பதால்தான். வெளியே குளிர் என்பதால் கடைக்குள்ளும் வந்தான். கடைக்குள் பச்சைக் கம்பளம் விரித்திருந்தது. சுவரில் ஒரு மானின் தலை இருந்தது. கோட்டுக்குள் கையில்லாத வெயிஸ்ட்கோட் போட்ட உயரமான விற்பனையாளர் நேரே குகதாசனிடம் வந்தார்.

"காலை வணக்கம் சார். எப்படி உதவலாம்?"

"எனக்கில்லை. மனைவிக்கு."

"ஆ, அன்பளிப்பு!" விற்பனையாளர் முகம் மலர்ந்தது. "பெண்களுக்கான பட்டுச் சால்வைகள் மேல் மாடியில் இருக்கின்றன."

செல்வமலர் கைப்பையைத் திறந்து சான்றிதழை மேசையில் வைத்தாள். விற்பனையாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்புறம் திருப்பினார். ஒரு நிமிடம் என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார். இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் வேறு இரண்டு ஆட்கள் வந்து, துப்பாக்கி பார்த்து, கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தவர், கடவுச்சீட்டும் மின்சார பில்லும் வேண்டும் என்றார்.

"மற்றவர்களிடம் கேட்கவில்லையே?" என்றாள் செல்வமலர்.

"அவர்களை எங்களுக்குத் தெரியும், மேடம்."

மின்சார பில் அவளுடைய போனில் இருந்தது. ஆனால் குகதாசன் பெயரில் இருந்தது. அதைக் கண்டதும் விற்பனையாளருக்கு மனம் இளகிவிட்டது. ஓர் அழகான துப்பாக்கியை எடுத்துவந்து, மடித்துத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டி, குகதாசனின் கையில் வைத்தார்.

யாராவது எதையாவது நீட்டினால் கை வாங்கிக்கொள்கிறது. குகதாசனின் கையும் வாங்கிக்கொண்டது. பிறகு அந்தக் கைகள் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. விரல்கள் விறைத்துப்போய்த் துப்பாக்கியை விடாமல் பிடித்திருந்தன.

"அருமை! உங்களுக்கு இயல்பாகவே வருகிறது, சார்" என்றார் விற்பனையாளர்.

செல்வமலர் ஒவ்வொரு விரலாக விலக்கித் துப்பாக்கியை வாங்கி மேசையில் வைத்தாள். "சான்றிதழ் என் பெயரில் இருக்கிறது. துப்பாக்கியை அவர் கையில் கொடுக்கிறீர்கள். இதில் பொலிஸுக்கு எது பிடிக்காது என்று நினைக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் அமைதியாகக் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் வெளியே வந்தாள். குகதாசன் அதற்குள் தெருவைக் கடந்து ஒரு பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்திருந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்; ஒரு பஸ் வந்து நின்று போனது.

"அந்த ஓட்டுநர் கதவை நேரத்தோட பூட்டிட்டான்" என்றான் குகதாசன் கடைசியில். அவன் தேறிவிட்டான் என்று அவளுக்கு விளங்கியது.

செல்வமலருக்குக் கவுன்சிலில் என்ன வேலை என்பதை இங்கே சொல்லவேண்டும். பொதுமக்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவது. குப்பை எடுக்கவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிற கடிதங்களுக்கு, பதினேழு ஆண்டுகளாகப் பதில் எழுதியவள் அவள். அதனால் முறைப்பாடு எப்படி எழுதவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தேதி, நேரம், சொன்ன சொல், செய்த செயல், எதிர்பார்க்கும் தீர்வு. ஒரு பக்கத்தில் எழுதி அந்தக் கடைக்கு அனுப்பினாள்.

பத்து நாளில் பதில் வந்தது. "திரு. செல்வமலர் அவர்களுக்கு" என்று தொடங்கியது. "நீங்கள் அவ்வாறு உணர்ந்திருந்தால் அதற்காக வருந்துகிறோம்" என்று இருந்தது. இணைப்பில் பட்டுச் சால்வைக்குப் பத்து வீத விலைக்கழிவு.

செல்வமலர் அதை இரண்டு முறை வாசித்தாள். கோபப்படத்தான் நினைத்தாள், ஆனால் அந்த வருந்தும் வசனம் அவளுக்கு மிகவும் பழக்கமானது. கவுன்சிலின் மாதிரிக் கடிதத்தில் அதை எட்டு ஆண்டுகளுக்கு முன் சேர்த்தவளே அவள்தான். நன்றாக இருக்கிறது என்று அப்போது எல்லோரும் பாராட்டினார்கள். எத்தனை ஆயிரம் பேர் அதை வாசித்துவிட்டு இப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்குக் காது சுட்டது. திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த வசனத்தை மாதிரிக் கடிதத்திலிருந்து எடுத்தாள். புதன்கிழமை மேலாளர் அதைத் திரும்பப் போட்டார்.

சுடுகளத்துப் பயிற்சியாளர் வேறொரு கடையைச் சொன்னார். எசெக்ஸில் ஓங்கார் என்ற ஊரைத் தாண்டி, ஒரு பண்ணைக்குப் பின்னால் இருந்த பழைய களஞ்சியம். பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. கடைக்காரி ஹேசலுக்கு அறுபது வயதிருக்கும். வாருங்கள் என்று சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. சான்றிதழை ஒரு பார்வை பார்த்தார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"களிமண் தட்டா?"

"ஆமாம்."

"காரில் இருப்பது யார்?"

"என் கணவர். துப்பாக்கி அவருக்கு ஆகாது."

ஹேசல் வெளியே போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார். பின்னால் ஓர் அறை இருக்கிறது, அங்கே விற்கிற சப்பாத்துகளும் ஒரு நாயும் மட்டும்தான், வந்து சூடாக இருங்கள் என்றார். அந்த அறைக்குக் கடைக்குள் வராமல் போகத் தனிக் கதவு இருந்தது. குகதாசன் இறங்கினான்.

செல்வமலரின் கண் கண்ணாடி அலுமாரியில் இருந்த ஓர் இத்தாலியத் துப்பாக்கியில் விழுந்தது. வெள்ளித் தகட்டில் பறவைகள் செதுக்கியிருந்தன.

"அதை உங்களுக்கு விற்கமாட்டேன்" என்றார் ஹேசல்.

செல்வமலருக்குப் பழைய கடையின் பச்சைக் கம்பளம் ஞாபகம் வந்தது. "ஏன்?" என்று கேட்ட குரல் அவளுக்கே கூர்மையாகக் கேட்டது.

"கட்டை உங்களுக்கு ஒன்றரை அங்குலம் அதிக நீளம். கன்னத்தைப் பார்த்தால் தெரிகிறதே. அதை வாங்கினால் ஒரு மாதத்தில் சுடுவதையே விட்டுவிடுவீர்கள். எனக்கு அதில் என்ன இலாபம்?"

ஒரு பழைய ஸ்பானியத் துப்பாக்கியை எடுத்து, வெறுமையாக இருப்பதை இரண்டு முறை காட்டிக் கொடுத்தார். ஏழடி தள்ளி நின்று தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். "கண்ணை மூடித் தோளில் வைத்து, திறந்ததும் நேரே இங்கே குறி பாருங்கள். அப்போதுதான் அளவு தெரியும். எல்லோரும் இப்படித்தான் செய்வது."

செல்வமலர் துப்பாக்கியைத் தூக்கினாள். கண்ணைத் திறந்தாள். குழாயின் நுனியில் ஒரு மனித முகம் இருந்தது. உடனே தாழ்த்திவிட்டாள்.

"ஆளைப் பார்த்துப் பிடிக்க என்னால் முடியாது" என்றாள். "வெறுமையாக இருந்தாலும் முடியாது."

ஹேசல் ஏன் என்று கேட்கவில்லை. விலை ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து, தன் கண்ணின் உயரத்தில் சுவரில் ஒட்டினார். விலகிப் பக்கவாட்டில் நின்றுகொண்டார். "சரி. இதைப் பாருங்கள்."

அன்று முக்கால் மணிநேரம் அளந்தார். கட்டையை வெட்டிச் சரிசெய்ய மூன்று வாரம் ஆகும் என்றார். அவள் ஆசைப்பட்ட துப்பாக்கியின் விலையில் அது பாதி. அவள் நன்றி சொன்னபோது, கதவை இழுத்துச் சாத்தும்படி மட்டும் சொன்னார்.

குகதாசன் ஏற்கெனவே காரில் இருந்தான். காலில் முழங்கால் வரை பச்சை ரப்பர் சப்பாத்து. மடி நிறைய நாய் மயிர்.

"என்னப்பா இது? எங்க போட்டுக்கொண்டு போகப்போறியள்?"

"மழை வராதே? அந்த நாய்க்கு என்னில விருப்பம், மலர். எழும்பவே விடேல்லை."

மூன்று வாரத்தின்பின் தன் அளவுக்கு வெட்டிய துப்பாக்கியோடு களத்துக்குப் போன செல்வமலர் இருபத்தைந்தில் இருபத்தொன்றை உடைத்தாள். கன்னம் கன்றவில்லை.

அன்று மாலை மகள் கம்சிகா போனைக் கையில் பிடித்தபடி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். குகதாசன் இணையத்தில் அந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்: நல்ல கடை, துப்பாக்கி இல்லாத அறை ஒன்று உண்டு, நாய் நல்ல குணம், சப்பாத்து காலுக்கு அளவு. பதினொரு பேர் அது தங்களுக்கு உதவியது என்று குறித்திருந்தார்கள்.

"அப்பா, இது கன் ஷொப். நீங்க கன் பற்றி ஒண்டுமே எழுதேல்லை."

"நான் அதைப் பாக்கேல்லை, பிள்ளை" என்றான் குகதாசன். "பாக்காததைப் பற்றி எப்பிடி எழுதுறது?"