அகலவாய்க் குண்டு

காசாயின் தோட்டாப் பெட்டியைத் திறக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வேட்டைக்காரன் செத்துப்போனால் அவன் துப்பாக்கியும் தோட்டாவும் காவல் நிலையத்துக்குப் போயாக வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லை என்பதால் வேட்டைச் சங்கத்திலிருந்து ஒருவர் கூட நிற்பார். எங்கள் சங்கத்தில் தோட்டா என்றாலே நான்தான். ‘குண்டு வாத்தியார்’ என்று பட்டப்பெயர் வேறு. வழி நெடுக ஒன்றையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். காசாயின் மனைவி ட்சுயாகோவிடம் இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்: உன் புருஷனுக்குத் தவறான குண்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்தான் என்று.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஜப்பானின் வடகோடியில், எங்கள் ஹொக்கைதோவில் ஈயக் குண்டுக்குத் தடை வந்தபோது எல்லோரும் புலம்பினார்கள். நாங்கள் விட்டுவரும் மான் குடலைத் தின்று கழுகுகள் ஈயம் ஏறிச் செத்தன, அதனால் தடை. சரி, செம்புக்கு மாறினோம். செம்பு பிடிவாதக்காரச் சரக்கு. கனமான செம்புக் குண்டு மானின் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். மான் தனக்கு ஒன்றும் ஆகாததுபோல மூங்கில் புதருக்குள் ஓடிவிடும். இரண்டு நாள் தேடினால் நரி தின்ற மிச்சம் கிடைக்கும்.

இரண்டு குளிர்காலம் நனைத்த செய்தித்தாள் கட்டுகளைச் சுட்டுச் சுட்டுப் பார்த்தேன். கடைசியில் எடை குறைந்த, மூக்கில் அகலமான ஓட்டை உள்ள குண்டு ஒன்றைப் பிடித்தேன். தசையில் பட்டதுமே விரிந்துவிடும். இறைச்சிக்கூடத்துக்காரர்கள் தோளிலோ வயிற்றிலோ அடிபட்ட மானை வாங்குவதில்லை, அதனால் நாங்கள் கழுத்தில்தான் சுடுவோம். கழுத்தில் இந்த அகலவாய்க் குண்டு பட்டால் மான் நின்ற இடத்திலேயே மடங்கும். சங்கம் முழுக்க அதற்கு மாறியது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

காசாய் நாற்பது மாடு வைத்திருந்த பால்பண்ணைக்காரன். வாய் ஓயாது. இருபத்திரண்டு வருஷமாக நானும் அவனும் ஜோடி. அக்டோபரில் ஒரு மத்தியானம் என் பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் தோட்டாவுக்கு மருந்து நிரப்பிக்கொண்டிருந்தோம். அவன் ஒரு குண்டை எடுத்து அதன் ஓட்டைக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தான்.

“இது கரடிக்குத் தாங்குமாடா? போன வருஷம் போட்ட கனமானது அஞ்சு வீட்ல கெடக்கு. அதையும் எடுத்துக்கட்டுமா?”

“ஒரே குறி வச்சாலும் ரெண்டும் ஒரே எடத்துல படாதுடா. அவசரத்துல மாத்திப் போட்டுட்டு மானையும் கோட்டை விடுவே. நாம போறது மானுக்கு. கரடி வந்தா நீ வாயத் தொறந்து பேசு, தானா ஓடிரும்.”

சிரித்தான். நானும் சிரித்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கேள்வி நியாயமானது என்று எனக்கு அப்போதே தெரியும். என் குண்டை ஒருத்தன் சந்தேகப்பட்டது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் நடுவில், காலை ஒன்பது மணி. சதுப்பு ஓரத்தில் ஒரு ஆண் மானை வீழ்த்தினோம். வெடிச்சத்தம் கேட்டால் குடல் கிடைக்கும் என்று இந்தப் பக்கத்துக் கரடிகள் படித்துவிட்டன. ஆகவே ஒருத்தன் அறுக்கும்போது இன்னொருத்தன் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துப்பாக்கியோடு நிற்பான். அன்று அறுத்தது நான், காவல் நின்றது அவன். கத்தியை மார்புக்கூட்டில் செருகியிருந்தேன். புல் முறியும் சத்தம் கேட்டது. காசாய் இரண்டு முறை சுட்டான். நிதானமாகத்தான் சுட்டான், இரண்டுமே பட்டன. கரடி நிற்கவில்லை. நான் என் துப்பாக்கியை எடுத்துத் திரும்புவதற்குள் அது அவன் மேல் இருந்தது. பக்கவாட்டில் கழுத்தைப் பார்த்துச் சுட்டேன். விழுந்துவிட்டது. காசாயின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

மறுநாள் சங்கக் கொட்டகையில் கரடியை உரித்தார்கள். நான்தான் தோளைப் பிரித்துப் பார்த்தேன். அவன் சுட்ட இரண்டும் தோள் எலும்பில் முட்டி, நான்கு விரற்கடை ஆழத்திலேயே பூவாக விரிந்து நின்றிருந்தன. நெஞ்சுக்குள் ஒரு கீறல்கூட இல்லை. கனமான குண்டாக இருந்தால் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கும். மான் கழுத்துக்கென்று நான் பொறுக்கியது, செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருந்தது.

சங்கத் தலைவர் ஒகுதா என் தோளில் கை போட்டார். “பத்தடி தூரத்துல எதப் போட்டாலும் நிக்காதுப்பா. கடைசியில சாய்ச்சது உன் குண்டுதானே.” அவரை அறைய வேண்டும் போல இருந்தது. ஊரெல்லாம் அதையேதான் சொன்னது. கரடியை ஒரே குண்டில் வீழ்த்தியவன் ஓனோதெரா என்று பத்திரிகையில் என் பெயரைப் போட்டார்கள். ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

ட்சுயாகோ பால் கறந்துவிட்டு ரப்பர் பூட்ஸோடு வாசலுக்கு வந்தாள். காவலர் ஏற்கெனவே உள்ளே காகிதங்களை விரித்து வைத்திருந்தார். காசாயின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றினேன். படத்தில் இளித்துக்கொண்டிருந்தான். அவள் சாவியைக் கொடுத்தாள், நான் பெட்டியைத் திறந்தேன். மேல்தட்டில் அகலவாய்த் தோட்டாக்கள். கீழே, ஒரு துணியில் சுற்றி, கனமானது ஐந்து. காவலர் எல்லாவற்றையும் எண்ணி எழுதிக்கொண்டு, ஐந்தை மட்டும் என் கையில் விட்டுவிட்டு, பெட்டி கொண்டுவர வண்டிக்குப் போனார்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறையில் அவன் கேட்டதை, நான் வேண்டாம் என்றதை, தோள் எலும்பில் பார்த்ததை. மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்க நாக்கு கூசியது, எடுக்கவில்லை.

அவள் என் கையிலிருந்த ஐந்தையும் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும் ஓனோதெரா-சான். அன்னிக்குக் காலைல நான் சோத்து உருண்டை புடிச்சிட்டிருந்தேன். இந்த அஞ்சையும் எடுத்து சட்டப் பையில போட்டார். வாசல் வரைக்கும் போயிட்டார். அப்புறம் திரும்பி வந்து, துணியில சுத்தி உள்ள வச்சார்.”

“ஏன்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“‘ஓனோதெரா பாத்தா சிரிப்பான்’னார்.”

காவலர் பெட்டியோடு வந்தார். கையை நீட்டினார். ஐந்தையும் ஒவ்வொன்றாக அவரிடம் கொடுத்தேன். ட்சுயாகோ மாடுகளுக்குத் தீனி போட வெளியே போய்விட்டாள்.