மெஷினுக்குக் கொடுத்த தட்டு

எனக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் ஊர் வாழவந்தி முழுக்கத் தெரியும். ஆனால் அந்த மூன்று நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் வினையாகிப் போயிற்று.

எங்கள் காப்பிக் கிடங்கில் கொட்டை பொறுக்க முப்பது பெண்கள். நான் ரூபி, பத்தொன்பது வருஷமாகப் பொறுக்குகிறேன். போன வாரம் கேமரா வைத்த மெஷின் ஒன்று வந்திறங்கியது. கெட்ட கொட்டையைக் கண்டால் காற்றால் ஊதித் தள்ளிவிடுமாம். ஆனால் எது கெட்டது என்று அதற்கு யாராவது காட்ட வேண்டுமே! சூப்பர்வைசர் ஜெயபிரகாஷ் நேராக என்னிடம் வந்தான்.

"ரூபிக்கா, நல்லது ஒரு தட்டு, கெட்டது ஒரு தட்டு பொறுக்கிக் குடுங்க. மெஷின் பாத்துக் கத்துக்கும்."

அது கற்றுக்கொண்டால் எங்களில் நாலு பேர் போதும். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலைக்கு உலை வைக்க என்னையே கூப்பிடுகிறானே! கெட்ட தட்டில் பாதிக்குப் பாதி நல்ல கொட்டையைக் கலந்து கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுஷ்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுஷ்மா ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். மெஷினில் கொட்டை கொட்ட அவளைத்தான் நிறுத்தினார்கள். எதிர்த்துப் பேசமாட்டாள் அல்லவா! நாங்கள் எல்லாரும் 'இந்திக்காரி' என்றுதான் கூப்பிடுவோம். இந்தி என் வீட்டுப் பேச்சு இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்தது என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். யார் கேட்டோம்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்கு இரண்டு வரிசை பின்னால்தான் மண்டியிடுவாள். நான் திரும்பிப் பார்த்துச் சிரித்ததுகூட இல்லை.

மூன்றாம் நாள் பார்த்தால், மெஷின் நல்ல கொட்டையை மூட்டை மூட்டையாகக் கழிவில் தள்ளியிருந்தது. ஜெயபிரகாஷ் சாமி வந்தவன் போல ஆடினான்.

"இந்த இந்திக்காரி என்னத்தையோ அமுக்கித் தொலைச்சிருக்கா! துணிமணிய எடுத்துட்டு மத்தியானப் பஸ்ஸுக்குக் கெளம்பச் சொல்லுங்க."

வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போச்சு. அவளுக்குச் சேலத்தில்கூட ஆள் கிடையாது. மூட்டை கட்ட வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னாலேயே ஓடினேன். பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்கண்ணு, நீதான் பாத்தயில்ல? நான் பண்ணுனேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"நான் சொன்னா யார் நம்புவாங்க, அக்கா?"

சுருக்கென்றது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜெயபிரகாஷ் இருந்த ஆபீசுக்கே போனேன். வேலை போனால் போகட்டும். என் தப்புக்கு இன்னொருத்தி பஸ் ஏறுவதா?

"ஏனுங்க சார், அவ மேல தப்பில்லீங்க. கெட்ட தட்டுல நல்ல கொட்டையக் கலந்தது நானுங்க. வேணும்னேதான் கலந்தேன். என்னைய அனுப்புங்க."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒரே சர்ச்சுன்னு நொம்பப் பாசமாக்கும்! கேமராவையே ஏமாத்தற மூளை பொம்பளைங்களுக்கு ஏதுக்கா? போங்க, போயி புதுசா ரெண்டு தட்டு பொறுக்கிட்டு வாங்க."

"சத்தியமாங்க! மாதா மேல ஆணையாச் சொல்றனுங்க!"

"அட, போங்கக்கா."

கதவைச் சாத்திவிட்டான். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. சுஷ்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"உங்களையும் நம்பல, அக்கா" என்றாள்.